யார் உத்தரவின் பேரில்

நான் தயாரித்த பவர்பாயிண்டுகளில் ஒன்றுதான் ஒரு மனிதரைக் கடித்திருக்கிறது. மற்றவை எல்லாம் ஆட்களைத் தூங்கத்தான் வைத்தன.

நான் பாஸ்கரன். ஊத்தங்கரைக்காரன். ஓசூரில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மனிதவள அதிகாரி. பெயருக்குத்தான் மனிதவளம். ஷிப்ட் பஸ் ஏன் வரவில்லை, கேன்டீன் முட்டை ஏன் சின்னதாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் பதினோரு வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன்.

போன வருடம் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. அதில் நாற்பத்து மூன்றாவது கேள்வி, உங்கள் ஆலை இருக்கும் பகுதியின் பழங்குடி மக்களோடு மரியாதையான பணி உறவை வளர்க்க என்ன செய்கிறீர்கள் என்பது.

எங்கள் ஆலை மேலாளர் நாராயணப்பன் அதை இரண்டு முறை படித்தார். "நம்ம ஏரியாவுல பழங்குடி இருக்காங்களா பாஸ்கர்?"

அவர் மத்திகிரியில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் குடும்பத்து ராகிக் கொல்லையில் களையெடுக்க மூன்று தலைமுறையாக மலையிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு பெயரும் உண்டு என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் கூகிள்தான் சொன்னது.

அஞ்செட்டி தாண்டிக் காட்டோரத்தில் கல்லுதொட்டி. அந்தப் பக்கம் சின்னக் குடியிருப்பைத் தொட்டி என்பார்கள். முப்பது இருளர் வீடுகள். ஜீப்பில் போய், வேலை இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பேசிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாவது வாரம் போய்க் கேட்டால், "ஒரு ஊட்டு ஆளு மாட்டோட காட்டுக்குள்ள இருக்குது சார், அது வந்தாத்தான் ஒக்காருவோம்" என்றார்கள். எல்லா வீட்டு ஆட்களும் உட்கார்ந்து பேசாமல் அங்கே எதற்கும் ஆமாம் இல்லை கிடையாது. ஸ்லைடில் இதைக் 'கூட்டு முடிவெடுக்கும் உயரிய மரபு' என்று போட்டுக்கொண்டேன். நாராயணப்பனிடம், "ரொம்ப லேட் பண்றாங்க சார்" என்றேன்.

கடைசியில் எட்டுப் பேர் வந்தார்கள். தோட்டம், துப்புரவு, பேக்கிங். அவர்களில் கங்கப்பன் தோட்டத்துக்கு, அவர் மனைவி மாரம்மா துப்புரவுக்கு. கங்கப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். புல்தரைக்குத் தண்ணீர் விடுகிறபோது வழியில் உட்கார்ந்திருக்கும் தவளையைச் சுற்றிக்கொண்டு போவார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் பதினான்கு ஸ்லைடு செய்தேன். ஏழாவது ஸ்லைடின் தலைப்பு, 'தனித்திறன்களை மதிக்கிறோம்'. ஒரு படம் வேண்டியிருந்தது. இருளர் என்று தேடினால் பாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். கடலோர மாவட்டத்துக்காரர். எடுத்து ஒட்டிக்கொண்டேன். கீழே, 'பாம்பு பிடிப்பதில் பரம்பரைத் தேர்ச்சி' என்று எழுதினேன். கல்லுதொட்டியில் நான் ஒரு பாம்பையும் பார்த்ததில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. படம் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச்சில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் செக்யூரிட்டி முனிசாமி என் அறைக்கு ஓடி வந்தார்.

"சார், பின்னாடி சரக்கு ஏத்தற மரப் பேலட் அடுக்கி வெச்சிருக்கற எடத்துல பாம்பு. தொடை தண்டி இருக்குது."

"யார் தொடைங்க?"

"என் தொடை சார்."

முனிசாமி ஒல்லிதான் என்றாலும் கவலைப்பட வேண்டிய அளவுதான் அது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். வண்டி வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அதற்குள் நாராயணப்பன் வந்துவிட்டார். "ஒரு மணி நேரமா? பேலட் இல்லேன்னா லைன் நின்னுடும்பா. எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்? உன் ஏழாவது ஸ்லைடு ஆளுங்க இருக்காங்க இல்ல?"

இந்த இடத்தில் ஒரு மனிதவள அதிகாரி சொல்ல வேண்டியது என்னவென்று இப்போது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அன்றைக்கு நான் போய்க் கங்கப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பேலட் குவியலைச் சுற்றி முப்பது நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். பாதிப் பேர் கையில் செல்போன்.

"கங்கப்பா, உள்ள ஒருத்தர் ஒளிஞ்சிருக்கார். கொஞ்சம் வெளிய கூட்டிட்டு வந்துடு. உனக்கென்ன, கைப்பழக்கம்தானே."

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "நானா சார்?"

"பின்ன நானா? நான் புடிக்கப் போனா அது சிரிச்சே செத்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நாளைக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாமே என்று வீடியோவும் எடுத்தேன்.

அந்த வீடியோவை இப்போது பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் நிற்கிற மாதிரி அவர் நிற்கவே இல்லை. வலது கையில் ஒட்டடைக் குச்சி, தோளில் கோணிப்பை. இரண்டு முறை திரும்பி மாரம்மா எங்கே என்று தேடுகிறார். பிறகு இடது கையால் பேலட்டைத் தூக்கி, குச்சியை உள்ளே விடுகிறார். அதற்கு அடுத்த ஒரு நொடியில் ஒன்றும் தெரியவில்லை. என் செல்போன் தரையைப் பார்க்கிறது.

அவர் கத்தவில்லை. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கடிபட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பாம்பு வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காலி மனைக்குள் போய்விட்டது.

"கண்ணாடிவிரியன் சார்" என்றார் முனிசாமி. யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனிக் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் மாரம்மா அவரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டில். பயத்தில் வாய் சும்மா இருக்காது எனக்கு.

"எத்தனை பாம்பு புடிச்சிருப்ப கங்கப்பா. இன்னிக்குன்னு பாத்து இப்படி ஆயிடுச்சே."

"எங்க சார் புடிச்சாரு?" என்றார் மாரம்மா. "இதுதான் மொதலு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாம்பு வந்தா தூர நின்னு கோலால தரையைத் தட்டிச் சத்தம் போடுவோம். அது பாட்டுக்குக் காட்டுக்குப் போயிடும். அதக் கையால யாரு சார் தொடுவாங்க? எங்களுக்கு ஆடு தெரியும், மாடு தெரியும், தேனு எடுப்போம். பாம்புன்னா எங்களுக்கும் பயந்தான்."

"அப்ப ஏன்யா போன? தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "சர்ட்டிபிகேட்டு சார்."

அவர்கள் மகள் சென்னம்மா பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டாராம், பாம்பு பிடிப்பீங்களா, எலி பிடிப்பீங்களா என்று. இல்லை என்றிருக்கிறார்கள். "அப்ப நீங்க என்ன இருளரு?" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். எட்டு மாதமாகச் சான்றிதழ் வரவில்லை.

"நீங்களும் அதையேதான சொன்னீங்க" என்றார் மாரம்மா. குரலில் சண்டை இல்லை. விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "அத்தினி பேரு பாத்துட்டு நிக்கறாங்க. மாட்டேன்னு சொல்லி, இவன் இருளனே இல்லேன்னு கம்பெனியிலயும் எழுதிட்டா?"

எனக்கு எந்த நேரத்துக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு கைவசம் இருக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் வரை தேடினேன். கிடைக்கவில்லை.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கை முழங்கை வரை வீங்கி, தோல் பளபளவென்று கறுத்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். "உயிருக்கு நாளைக்குக் காலையிலதான் சொல்ல முடியும். ஆள்காட்டி விரல் கஷ்டம்" என்றார். பிறகு, "ஏன் இவரு போனாரு? பாம்பு பிடிக்கறவரா?"

"இல்லைங்க."

"பின்ன?"

"நான் போகச் சொன்னேங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் என் துறையில் வேலை செய்யும் அனுப்ரியா ஒரு கோப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். விபத்து அறிக்கை. நாளை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். நாராயணப்பன் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்தது. 'பணியாளர் தம் சமூகத்தின் பாரம்பரியத் திறனைக் கொண்டு, தாமாகவே முன்வந்து' என்று அழகாக ஆரம்பித்தது. கருத்து என் ஏழாவது ஸ்லைடிலிருந்து எடுத்தது. கீழே ஒரு கட்டம், 'அவ்வேலையை யார் உத்தரவின் பேரில் செய்தார்'. அதில், 'எவரும் இல்லை'.

"உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி சார்" என்றாள். நகரவில்லை. "இப்படி எழுதினா அவருக்கு இ.எஸ்.ஐ.ல ஊனத்துக்குண்டான பென்ஷன் வருமா சார்?"

"வராதும்மா. வேலையில பட்ட காயம் இல்லேன்னு தள்ளிடுவாங்க."

"அப்ப நான் டைப் பண்ணியிருக்கக் கூடாது இல்ல?"

"நீ டைப்தான் பண்ணின. நான் ஆளையே அனுப்பினேன்."

நாராயணப்பனுக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உன்னைக் காப்பாத்தத்தான்பா அப்படி எழுதச் சொன்னேன். உன் பேரு வந்தா உன் வேலை போயிடும். உனக்கும் குடும்பம் இருக்குது. கங்கப்பனைக் கம்பெனி பாத்துக்கும், நான் சொல்றேன்."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா சார்?"

"எப்பப் பாரு உனக்குத் தமாசு" என்று வைத்துவிட்டார்.

தமாசு இல்லாமல் நான் பேசியது அது ஒன்றுதான்.

காலையில் உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து புதிதாக ஒரு அறிக்கை எழுதினேன். என்னை வெட்டிக் கூறு போட்டு எழுதினேன். 'இவருக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது. இவர் குடியிருப்பில் எவருக்கும் அந்த வழக்கமே இல்லை. இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர் என்று அறியாமையால் நான் நினைத்துவிட்டேன்.' படிக்கப் படிக்க எனக்கே என் எழுத்து பிடித்துப் போனது. தியாகி மாதிரி ஒரு நெஞ்சு நிமிர்வு வேறு. மாரம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

முழுவதும் கேட்டார். "இத அனுப்பாதீங்க சார்."

"ஏங்க? உங்க பக்கம்தானே எழுதியிருக்கேன்."

"பாம்பு தெரியாது, தொட்டியில யாருக்கும் தெரியாதுன்னு கம்பெனி சீலு போட்டு ஒரு காயிதம் போவுது. நாளைக்கு அது சர்ட்டிபிகேட்டு குடுக்கறவங்க கைக்குப் போச்சுன்னா? பாரு, இருளரு இல்லேன்னு கம்பெனிக்காரங்களே எழுதிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? எம் பொண்ணு கதி என்னாவறது?"

நாராயணப்பன் எழுதினால் விரல் போனதற்கு நாதியில்லை. நான் எழுதினால் மகள் படிப்புக்கு வேட்டு. இரண்டு பேருக்கும் நல்ல எண்ணம்தான்.

"அப்ப என்னதான் எழுதட்டும்?"

"நான் ஒருத்தி எப்படிச் சொல்றது? எல்லா ஊடும் ஒக்காரணும். வந்துட்டுத்தான் இருக்காங்கோ."

மணி ஒன்பது. அறிக்கைக்குக் கெடு பன்னிரண்டு.

அஞ்செட்டி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் இருக்கும். பைக் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் எதிரே டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். அரை மணி நேரம் கழித்து மாரம்மா வந்து, ஒரு வீட்டு ஆள் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார், அடுத்த பஸ்ஸில் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு அனுப்ரியா போன் செய்தாள். "வெளிநாட்டுக்காரங்க வந்துட்டாங்க சார். மேனேஜர் என்னைத்தான் பிரசென்டேஷன் பண்ணச் சொல்றாரு. ஏழாவது ஸ்லைடை என்ன பண்றது?"

"தூக்கிடும்மா."

"நாற்பத்து மூணாவது கேள்விக்கு ஆதாரம் கேட்டா?"

"எட்டுப் பேரும் இன்னிக்கு வேலைக்கு வரலைன்னு சொல்லு. ஏன்னு கேட்டா எனக்குப் போன் பண்ணச் சொல்லு."

அவர்கள் போன் செய்யவில்லை. நாராயணப்பன் ஏழு முறை செய்தார். பன்னிரண்டும் தாண்டியது. எட்டாவது முறை எடுத்து, "இன்னும் ஒரு ஆள் வரணும் சார்" என்றேன். அதன் பிறகு அவரும் செய்யவில்லை.

ஒன்றரை மணிக்கு அந்த ஆள் வந்தார். இடுப்பில் அரிவாள் தொங்க, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த தோற்றம். அவரும் உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேச்சில் கன்னடம் மாதிரியும் இருக்கும், தமிழ் மாதிரியும் இருக்கும். எனக்குக் காலே அரைக்கால்தான் புரிந்தது. ஒரு பெண் என்னைக் கைகாட்டிக் கோபமாக ஏதோ சொன்னார். இரண்டு பேர் எழுந்து போகப் பார்த்தார்கள். மற்றவர்கள் உட்கார வைத்தார்கள். மூன்றாவது டீயைக் கீழே ஊற்றினேன்.

மாரம்மா எழுந்து வந்தார்.

"நீங்க கூப்பிட்டீங்க. அவரு போனாரு. கையில ஒறை குடுக்கல, எப்படின்னு சொல்லிக் குடுக்கல. கடிச்சுது. அத எழுதுங்க."

"சரிங்க."

"அவரு யாரு, எங்களுக்கு என்னா தெரியும், என்னா தெரியாதுன்னு ஒரு வரி கூட வேணாம். நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். அத எழுதற வேலை ஒங்களுது இல்ல."

"எழுதலேங்க. ஆனா அவரை எதுக்குக் கூப்பிட்டேன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போடறது?"

"அது ஒங்களப் பத்தின கேள்வி சார். ஒங்களப் பத்தி எழுதுங்க."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். யார் உத்தரவின் பேரில் என்ற கட்டத்தில், 'மனிதவள அதிகாரி பாஸ்கரனாகிய என் உத்தரவின் பேரில்'. எதற்காக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கட்டத்தில், 'அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் நானாகவே முடிவு செய்தேன்'. மொத்தம் ஆறு வரி. பதினோரு வருடத்தில் நான் எழுதிய மிகச் சின்ன அறிக்கை அதுதான்.

மாரம்மா, மரத்தடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கோபமாகப் பேசிய பெண் இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை வாசித்தேன். யாரும் தலையாட்டவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மத்தவங்க திரும்ப வேலைக்கு வர்றதைப் பத்தி…" என்று இழுத்தேன்.

"அது பேசல சார். இன்னிக்கு இது ஒண்ணுதான் பேசுனோம்."

போட்டோ எடுத்து அனுப்ரியாவுக்கு அனுப்பினேன். இப்படியே தட்டச்சு செய், ஒரு எழுத்து மாற்றாதே, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு என் பெயரிலேயே அனுப்பிவிட்டு நகலை நாராயணப்பன் மேசையில் வை என்றேன். "அனுப்பிட்டேன் சார், மேசையிலயும் வெச்சிட்டேன்" என்று பதில் வந்தது.

கங்கப்பனைப் பார்க்க உள்ளே விட்டார்கள். வலது கையைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை விரலை எடுக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அறிக்கையை அவருக்கும் வாசித்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். முடித்துக் காகிதத்தை மடித்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்து நகரப் போனேன்.

"சார்."

"சொல்லுங்க."

"இந்தக் காயிதம் போனா ஒங்களுக்குத் தொந்தரவு வருமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "வருங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யோசித்தார்.

"வரட்டும் சார்" என்றார்.